தண்ணி காட்டும் கோழிகள்: வாசகர் கேள்வி – பதில்

போன மாத இதழில், புறவாசல் கோழிகளுக்கு மூடிய வாளியில் நிப்பிள் (நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன முள்ளைக் கோழி கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற குழாய்முனை) பொருத்தித் தண்ணீர் கொடுக்கலாம், சட்டியில் எச்சம் விழுகிற தொல்லை தீரும் என்று நாலு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். மாட்டிவிட்டோம், கோழி குடிக்க மாட்டேன் என்கிறது, இப்போது என்ன செய்ய? ஆகவே இந்த மாதம் முழுக்கத் தண்ணீர்க் கேள்விகள்.

அண்ணாச்சி, சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. 9 பொட்டைக்கோழி, ஒரு சேவல், எல்லாம் நாட்டுக்கோழி. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் சிவப்பு நிப்பிள் நாலு மாட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டுப் போய்விட்டான். ஒரு கோழிகூட அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. 2 நாள் தண்ணீர் வைக்காமல் போட்டால் தானாகக் குடிக்கும் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை.
— ஒரு வாசகி, சேரன்மகாதேவி வட்டாரம்

உங்கள் மனசு சொல்வதுதான் சரி அம்மா. நம் ஊர் வெயிலில் 2 நாள் என்ன, ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போட்டாலே கோழி தாங்காது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளுகிறது, அந்த மூச்சோடு போவது அதன் உடம்பில் இருக்கிற தண்ணீர். முட்டையிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான் இருக்கிறது, தாகத்தோடு கிடந்த கோழி முட்டையை நிறுத்திவிட்டால் அதைத் திட்டிப் பயனில்லை. வீட்டுக்காரரிடம் இந்த முட்டைக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், ஜீவகாருண்யம் பேசுவதைவிட அது சீக்கிரம் எடுபடும்.

உங்கள் கோழிகள் நிப்பிளைத் தொடாததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. அவற்றுக்குத் தாகமே இருந்திருக்காது. அடுக்களைத் தண்ணீர் போகிற வாறுகால் உங்கள் வீட்டில் எங்கே போய் முடிகிறது? அநேகமாக வாழைமூட்டில். அங்கே சோற்றுப் பருக்கையோடு தண்ணீரும் கிடக்கும்போது, தலைக்கு மேலே தொங்குகிற ஒரு வாளியை எந்தக் கோழி திரும்பிப் பார்க்கும்? துணி துவைக்கிற கல்லடியில் ஒரு குழி, மாட்டுக்கு வைத்த கழனித்தொட்டி, அடிபம்பைச் சுற்றி ஈரம், பக்கத்து வீட்டுத் தோட்டத்துக் குழாய் என்று ஒரு வளவுக்குள்ளேயே நாலைந்து இடம் இருக்கும். ஒரு நாள் காலையில் கூட்டைத் திறந்துவிட்டு, காபித் தம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்து கவனியுங்கள். ராத்திரி முழுக்க அடைந்து கிடந்த கோழி இறங்கியதும் சிறகை உதறும், அங்கே இங்கே நாலு கொத்து கொத்தும், அப்புறம் நேரே தண்ணீருக்குப் போகும். அது போகிற இடம்தான் உங்கள் நிப்பிளுக்குப் போட்டி. வாறுகாலின் கடைசியை ஓடு வைத்து மூடுவதோ, வாழைமூட்டைச் சுற்றி முள்ளை வெட்டிப் போடுவதோ, தொட்டிக்குப் பலகை போடுவதோ, உங்கள் வசதிப்படி முதலில் அந்தப் போட்டியை ஒழியுங்கள். முடியாவிட்டால் பழைய மீன்வலையைக் கட்டி ஒரு மூலையை மறித்து, பழகும் வரைக்கும் கோழிகளைக் காலை வேளையில் மட்டும் அதற்குள் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாளி. பெயிண்ட் வாளி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் அடியில் ஒட்டியது முழுசாகப் போகாது. சமையல் எண்ணெய் வருகிற வாளி பலசரக்குக் கடையில் கேட்டால் கிடைக்கும், அதில் மாற்றிவிடுங்கள். மரத்தில் தொங்கவிட்டதும் சரியில்லை. காற்றில் வாளி ஆடும், ஆடுகிற பொருளுக்குக் கீழே போய் நின்று தலையைத் தூக்கக் கோழிக்குத் தைரியம் வராது, பருந்து நிழல் பார்த்துப் பழகிய ஜாதி அது. ஒரு கம்பத்திலோ சுவரிலோ அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள். இதுவரை தண்ணீர்ச் சட்டி எங்கே இருந்ததோ அதே இடத்தில் கட்டினால் பாதி வேலை முடிந்தது, கால் தானாக அங்கேதான் போகும். உயரம் முதலில் கோழியின் கண்மட்டத்துக்கு இருக்கட்டும். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து குடிக்கிற அளவில் நிறுத்துங்கள். பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், எம்பிக் குதித்தால் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். தாழ்வாக இருந்தால் முள்ளைப் பக்கவாட்டில் கொத்தும், தண்ணீர் அலகுக்குள் போகாமல் மண்ணில் விழும், கீழே சகதியாகும்.

இனிமேல்தான் பாடம். காலையில் சட்டி வைக்காதீர்கள். பழைய சோறு, ஊறிய தவிடு, கீரைத்தண்டு, தர்பூசணித் தோல் எதுவும் அன்றைக்குக் காலையில் வேண்டாம், அதிலிருக்கிற ஈரத்திலேயே கோழி சமாளித்துவிடும் (இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை, நீராகாரத்தோடு சோற்றைக் கொட்டிவிட்டுக் கோழி தண்ணீர் குடிக்கவில்லை என்கிறார்கள்). காய்ந்த கம்போ குருணையோ ஒரு கை நிப்பிளுக்கு நேர் கீழே இறையுங்கள். அவை தின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் குத்தவைத்து, விரல் நுனியால் முள்ளை மேலே தட்டுங்கள். ஒரு சொட்டு இறங்கி முள் நுனியில் தொங்கும், அதில் வெயில் பட்டு மின்னும். மின்னுகிற எதையும் கோழி கொத்திப் பார்க்கும், குனிந்து தீனி போடும்போது மூக்குத்தியைக் கொத்த வருகிற கோழியைப் பார்த்திருப்பீர்களே. சிவப்பும் அதன் கண்ணை இழுக்கிற நிறம், உங்கள் மகன் சிவப்பு நிப்பிள் வாங்கியது நல்லதாகப் போயிற்று.

பத்தையும் ஒரே நேரத்தில் பழக்கப் பார்க்காதீர்கள். வீட்டுக்குள் நுழைந்து அரிசி டப்பாவை உருட்டுகிற துடுக்குக் கோழி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். வெடக்கோழியாக இருந்தால் இன்னும் விசேஷம், வயசான கோழி எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தத் துடுக்கைப் பிடித்து அக்குளில் மெதுவாக இடுக்கிக்கொண்டு, அலகின் நுனி முள்ளில் படும்படி கொண்டுபோங்கள். தலையை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, பயந்துவிட்டால் அந்தப் பக்கமே வராது. சொட்டு அலகில் இறங்கியதும் வாயைச் சப்பும், தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கும், அடுத்த சொட்டுக்குத் தானாகக் கொத்தும். அதோடு இறக்கி விட்டுவிடுங்கள். ஒன்று நின்று குடிப்பதைப் பார்த்தால் மற்றது வந்து எட்டிப் பார்க்கும், இடித்துத் தள்ளிவிட்டு அதே முள்ளைக் கொத்தும். பக்கத்து நிப்பிள் சும்மா இருந்தாலும் அதே முள்தான் வேண்டும் அதற்கு, என்ன செய்ய, மனுஷரும் அப்படித்தானே.

காலை 6 மணிக்குத் தொடங்கினால் 9 மணி வரைக்கும் இந்த வேலை போதும். அதற்குப் பிறகும் குடிக்காத கோழிகள் இருந்தால் பழைய சட்டியை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி தொடங்குங்கள். குஞ்சுகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும், பெரிய கோழிக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று குழப்பமாக இருந்தால் கருக்கலில் கோழி அடைந்த பிறகு கையை விட்டு இரைப்பையைத் தடவிப் பாருங்கள், கழுத்துக்குக் கீழே நெஞ்சோரம் புடைத்திருக்கும். தீனியும் தண்ணீரும் சேர்ந்திருந்தால் பிசைந்த மாவு மாதிரி அமுங்கும். தண்ணீர் போகாவிட்டால் கம்பு தனித்தனியாகக் கையில் நெருடும். அந்தக் கோழிக்கு அப்போதே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் காட்டுங்கள். ஒவ்வொரு கோழியும் நிப்பிளில் குடிப்பதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரைக்கும் பழைய சட்டியை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள்.

எப்போது தொடங்கலாம் என்றால் தை, மாசி. சித்திரை, வைகாசியில் காலை மூன்று மணி நேரம்கூட ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் பயம் இல்லை, ஆனால் அடைமழையில் முற்றமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது யார் வந்து நிப்பிளைக் கொத்துவார்கள்?

மாடித் தொட்டியிலிருந்து நேராகப் பைப் இழுத்துக் கோழிக்கூண்டுக்குள் 6 நிப்பிள் போட்டிருக்கிறேன். மூன்று ஓயாமல் சொட்டுகிறது. சரி என்று அதை அடைத்துவிட்டு வாளிக்கு மாற்றினால் இப்போது ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை. நிப்பிளே மட்டமான சரக்கோ?
— வள்ளியூரிலிருந்து ஒரு வாசகர்

நிப்பிளைத் திட்டாதீர்கள் தம்பி, இரண்டுக்கும் வேறு வேறு காரணம். 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். உங்கள் மாடித்தொட்டி 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டாலும் அதில் பாதி வரும். வீட்டுக் கோழி நிப்பிளுக்கு அதெல்லாம் தேவையே இல்லை, வாளியில் ஓர் அடி, ஒன்றரை அடி தண்ணீர் நிற்கிற எடை போதும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கிற ரப்பர் வாசர் தாங்காது, சொட்டத்தான் செய்யும். மாடித்தொட்டித் தண்ணீர்தான் வசதி என்றால் நடுவில் ஒரு சின்ன வாளியை வைத்து, கழிவறைத் தொட்டியில் இருக்குமே மிதவை வால்வு, அதில் ஒன்றை மாட்டிவிடுங்கள். மேலிருந்து வருகிற அழுத்தம் அந்த வாளியோடு நின்றுவிடும், அங்கிருந்து நிப்பிளுக்குச் சாதுவாகப் போகும்.

வாளியிலிருந்து வராமல் நின்றதற்கு மூடிதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். இறுக்கி மூடிவிட்டீர்கள், காற்று உள்ளே போக வழியில்லை, தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் உள்ளே வெற்றிடமாகி மேற்கொண்டு இறங்காமல் பிடித்துக்கொள்ளும். மூடியின் ஓரத்தில் ஆணியைக் காய்ச்சி ஒரு துளை போடுங்கள். கொசு நுழையாமல் துளைக்கு மேலே ஒரு துண்டு வலைத்துணியை ஒட்டிவிடுவது நல்லது. பைப்பைப் படுக்கையாகப் போட்டிருந்தால் கடைசி முனையில் காற்று அடைத்து நிற்கும், அங்கே ஒரு டீ (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு) போட்டு வாளித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே போகிற மாதிரி சின்னக் குழாய் ஒன்றை நிமிர்த்தி வையுங்கள், காற்று அதன் வழியே போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மட்டும் சொட்டினால் மணல் துகள் மாட்டியிருக்கும். கழற்றி, முள்ளை நாலு தடவை அமுக்கி ஊதி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றித் திரும்ப மாட்டுங்கள். புதிதாகத் துளை போடும்போது மரையின் அகலத்தைவிடக் கொஞ்சம் சின்ன துளையாகப் போட்டு முறுக்கி ஏற்றினால்தான் இறுக்கமாக நிற்கும். பெரிதாகப் போட்டுவிட்டு எம்சீல் வைத்துப் பூசுகிற வேலை வாளி காலியானதும் விட்டுவிடும்.

வாத்து நாலு இருக்கிறது. கோழியோடு சேர்த்து அதையும் நிப்பிளில் பழக்கலாமா?
— களக்காடு வாசகர்

வேண்டாம். வாத்துக்குத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமில்லை, மூக்கையும் கண்ணையும் கழுவுவதற்கும் வேண்டும். தலை முங்குகிற ஆழத்தில் ஒரு தொட்டி இல்லாவிட்டால் மூக்குத் துளையில் தீனி அடைத்துச் சீக்காகிவிடும். வாத்துத் தொட்டியைக் கோழி எட்டாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன வாழைமூட்டுக் கதைதான் உங்கள் வீட்டிலும். வான்கோழி தாராளமாக நிப்பிளில் பழகும், உயரத்தை மட்டும் அதற்குத் தக்கபடி கூட்டுங்கள்.

அடைக்கோழி 11 முட்டையில் உட்கார்ந்திருக்கிறது. பொரித்த பிறகு குஞ்சுகளையும் முதல் நாளிலிருந்தே நிப்பிளில் விடலாமா? கருப்பட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார், அதை வாளியில் ஊற்றலாமா?
— முக்கூடலிலிருந்து ஒரு வாசகி

அடையில் இருக்கிற கோழிக்கு எந்தப் பாடமும் நடத்தாதீர்கள். அது நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும், அவசர அவசரமாகத் தின்று, குடித்து, ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு முட்டை ஆறுவதற்குள் ஓடிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நிப்பிள் முன்னால் நின்று சொட்டுச் சொட்டாகக் குடிக்க அதற்குப் பொறுமை இருக்காது. பக்கத்திலேயே திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், கனமான மண்சட்டியாக இருந்தால் கவிழாது.

குஞ்சுகளுக்கு இரண்டு வழி. இங்குபேட்டரில் பொரித்து, தாய் இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கிறீர்கள் என்றால் முதல் நாளே நிப்பிளில் விடலாம், குஞ்சின் கண்மட்டத்தில் கட்டி ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தடவை தொட்டு எடுத்தால் போதும். அது கொத்துவதற்கென்றே பிறந்தது, மின்னுகிற சொட்டைக் கண்டால் விடாது. முட்களை எளிதாக அசைகிற ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும், பெரிய கோழிக்கான கெட்டி முள்ளைக் குஞ்சால் தள்ள முடியாது. வாரத்துக்கு வாரம் உயரத்தைக் கூட்ட மறந்துவிடாதீர்கள், குஞ்சு வளர்கிற வேகம் அப்படி.

உங்களுடையது தாயோடு திரிகிற குஞ்சு. தாய் எங்கே குடிக்கிறதோ அங்கேதான் குஞ்சும் குடிக்கும், தாயின் உயரமும் குஞ்சின் உயரமும் ஒத்துவராது. அதனால் ஒரு தட்டையான சட்டியில் கூழாங்கல் பரப்பி, கல் இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றிக் கொடுங்கள். கல் போடுவது குஞ்சு விழுந்து நனையாமல் இருக்க. நனைந்த குஞ்சு விறைத்துச் செத்துப்போகும், தண்ணீர் ஆழம் அரை விரல்தானே என்று நினைக்கக் கூடாது. குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்த பிறகு நிப்பிளுக்கு வரலாம், அப்போது பழக்குவது சுலபம்.

மாமியார் சொல்வதில் தப்பில்லை. பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் லேசாகக் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த தண்ணீர் தெம்பு கொடுக்கும், நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் அதைச் சட்டியில்தான் கொடுக்க வேண்டும், வாளியில் ஊற்றினால் நிப்பிளுக்குள் ஒட்டிப் புளித்து வழவழவென்று பாசி மாதிரி ஒரு படலம் பிடிக்கும், எறும்பும் ஏறும். மஞ்சள்தூள், சீரகத் தண்ணீர், வேப்பிலைச் சாறு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

திசையன்விளை பக்கம் எங்களுக்கு போர்த்தண்ணீர் உப்பு. நிப்பிள் முள்ளில் வெள்ளையாகப் பூத்து, சில நாளில் ஒழுக ஆரம்பித்துவிடுகிறது. கோழியும் தண்ணியாகக் கழிகிறது. ஆர்.ஓ. மெஷினில் வெளியே போகிற தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாமா, வீணாகத்தானே போகிறது?
— திசையன்விளை வட்டார வாசகர்

ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில்தான் நீங்கள் குடிக்காத உப்பு அத்தனையும் சேர்ந்திருக்கிறது, போர்த்தண்ணீரைவிட அது மோசம். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கேன் கடைகளில் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற கருவி) இருக்கும், ஒரு பாட்டிலில் உங்கள் தண்ணீரைக் கொண்டுபோய் அளந்து வாருங்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கோழிக்கு ஒரு குறையும் இல்லை. 1,000 முதல் 3,000 வரைக்கும் கோழி சமாளிக்கும், எச்சம் மட்டும் தண்ணியாகப் போகும், நீங்கள் சொல்கிற கழிச்சல் அதுவாக இருக்கலாம். 3,000-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீர் கோழிக்கு ஆகாது, மழைத்தண்ணீரையோ குடிதண்ணீர்க் குழாயில் வருவதையோதான் தர வேண்டும், குறைந்தபட்சம் பாதிக்குப் பாதியாவது கலந்து கொடுங்கள். ஆனால் எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ, அல்லது ரத்தம் கலந்தோ போனால் அதை உப்புத் தண்ணீர்மேல் பழி போட்டுவிட்டு உட்காரக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முள்ளில் பூக்கிற வெள்ளைக்கு வினிகர் நல்ல மருந்து. நிப்பிள்களைக் கழற்றி ஒரு கிண்ணம் வினிகரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். மாற்று நிப்பிள் ஒரு செட் கையில் இருந்தால் ஒன்று ஊறும்போது இன்னொன்று வேலை செய்யும். அந்தச் செம்மண் தேரிக்காட்டு வெயிலில் வாளியையும் பைப்பையும் நிழலில் வையுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கறுப்பு பைப் வெயிலில் கிடந்தால் மத்தியானம் உள்ளே இருக்கிற தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும், சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது. நிப்பிளில் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு பாவம் அதைப் போட்டுப் பழக்குவார்கள். ஈரச்சாக்கு ஒன்றை வாளியைச் சுற்றிக் கட்டிவிட்டால் தண்ணீரும் குளுமையாக இருக்கும், வெளிச்சம் படாமல் பாசியும் பிடிக்காது.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை நிப்பிள் வாளியிலேயே கலந்து விடலாமா?
— மானூர் வாசகர்

லசோட்டா என்கிற அந்தத் தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கிற முறை இருக்கிறது, பண்ணைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். பத்து, இருபது கோழி வைத்திருக்கிற நமக்கு அது தோதுப்படாது. மருந்து கலந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் கோழியின் வயிற்றுக்குள்ளும் போயாக வேண்டும். நிப்பிளில் ஒன்று நிறையக் குடிக்கும், ஒன்று வராமலே போகும், பாதிக் கோழிக்கு மருந்து போய்ச் சேராது. அதோடு அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, குழாய்த்தண்ணீரில் இருக்கிற குளோரின் அதைக் கொன்றுவிடும். கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவதுதான் உறுதி. 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையில் ஊசி போடுவார்கள், பக்கத்து கால்நடை மருந்தகத்தில் எப்போது போடுகிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். உங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியும் கிட்டத்தில்தான் இருக்கிறது, சந்தேகம் என்றால் ஒரு நடை போய்க் கேட்டுவிடலாம்.

குடலில் பூச்சிக்கு, வைட்டமினுக்கு என்று தண்ணீரில் கலக்கிற மருந்து எதுவானாலும் அன்றைக்கு மட்டும் பழைய சட்டியில் அளந்து ஊற்றிக் கொடுங்கள். அதற்காகத்தான் சட்டியை உடைத்துப் போடாதீர்கள் என்கிறேன்.

எங்கள் ஆச்சி உடைந்த பானை ஓட்டில் தண்ணீர் வைத்தே முப்பது கோழி வளர்த்தார்கள். இதெல்லாம் எதற்கு அண்ணாச்சி, காசுக்குப் பிடித்த கேடு?
— பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

உங்கள் ஆச்சி அந்த ஓட்டைத் தினமும் காலையில் கவிழ்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதுத்தண்ணீர் கோரி ஊற்றியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அதைச் செய்ய ஆள் இருந்தால் நிப்பிள் தேவையே இல்லை, நான் வாங்கச் சொல்லவும் மாட்டேன். ஆள் இல்லாத வீடுகளுக்குத்தான் இது. சட்டித் தண்ணீரில் எச்சம் விழுந்து, அதையே மற்றக் கோழி குடித்தால் ரத்தக்கழிச்சல் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும். காக்காவும் மைனாவும் வந்து அலகை வைத்துவிட்டுப் போகும், அது எந்த ஊர்ச் சீக்கைக் கொண்டுவருமோ. இன்னொரு விஷயம், டெங்கு கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். கொசு ஒழிப்புக்கு வருகிற பெண்கள் கோழிச்சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். கவிழ்த்தது சரிதான், தினமும் கழுவுகிற சட்டியில் புழு இருந்திருக்காது, அவர்களும் கவிழ்த்திருக்க மாட்டார்கள்.

நிப்பிள் வந்துவிட்டால் கழுவ வேண்டாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் வாளியைக் காலி செய்து உள்ளே தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். மூடியிருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, அது சட்டியைவிட ஒரு விதத்தில் ஆபத்து.

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம், 2 ராத்திரி தங்கல். 10 கோழியும் நிப்பிளில் நன்றாகப் பழகிவிட்டது. வாளியை நிரப்பி வைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாமா?
— அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி

தண்ணீர்க் கணக்கு இடிக்காது. சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் அளவு குடிக்கும், பங்குனி வெயிலுக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 கோழிக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். 20 லிட்டர் வாளி 3 நாள் தாராளமாகத் தாங்கும். பயமெல்லாம் ஒழுகலில்தான். ஒரு நிப்பிளில் துகள் மாட்டிச் சொட்ட ஆரம்பித்தால் விடிவதற்குள் வாளி காலி. அதனால் ஒரே பெரிய வாளியை நம்பாமல், தனித்தனியாக இரண்டு வாளி, ஒவ்வொன்றிலும் மூன்று நிப்பிள் என்று கட்டுங்கள், ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே இரண்டாவது வாளியையும் கட்டி, இரண்டிலும் கோழி குடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புகிற அன்றைக்குப் புதுசாக எதையும் மாட்டக் கூடாது.

பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தினமும் ஒரு தடவை வந்து ஒவ்வொரு முள்ளையும் விரலால் தட்டி, சொட்டு வருகிறதா, கீழே மண் ஈரமாகக் கிடக்கிறதா என்று பார்த்தால் போதும், கூட்டைத் திறந்து அடைக்கவும் ஆள் வேண்டுமே. திரும்பி வரும்போது அவர்களுக்குக் கோயில் பொங்கச்சோறும் அந்த 2 நாள் முட்டையும் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருஷமும் வருவார்கள்.